அப்பிள் மாவாகுது, கரையுது, கறுக்குது: அறிகுறிய பாத்து பிழைய புடிக்கிற வழி

ஹட்டன் பக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல ஒரு பழக்கடையில ஒம்போது வருசம் நின்னேன், இப்ப வீட்டுலயிருந்து ஓடருக்கு ஜாம், சட்னி, அப்பிள் பை (மாவுக்குள்ள அப்பிள் வச்சு ஓவன்ல சுடுறது) எல்லாம் செஞ்சு குடுக்குறேன். இந்த ரெண்டு வேலையிலயும் நான் கேட்ட முறைப்பாட எண்ணிப் பாத்தா மொத்தமே ஒரு பத்துத்தான் வரும், அதே தான் திரும்பத் திரும்ப. "அண்ணே நேத்து வாங்கின பழம் தவிடு மாதிரி இருக்கு", "தம்பி நீ குடுத்த அப்பிள்ல பை போட்டேன், அடியெல்லாம் தண்ணி". பழம் கெட்டுப்போய் வந்த கேஸ் கம்மி. தின்னுற அப்பிள வாங்கி அடுப்புல ஏத்துறது, சமைக்கிற அப்பிள வாங்கி ஆஸ்பத்திரில படுத்திருக்கவங்களுக்குக் கொண்டுபோறது, இல்லாட்டி நல்ல பழத்த வாங்கி தப்பான எடத்துல வைக்கிறது, இதுதான் கூட.

கீழ உங்களுக்கு நடந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. ஒவ்வொண்ணுலயும் காசு செலவில்லாத காரணம் முதல்ல, பைக்குள்ள கை விட வைக்கிற காரணம் கடைசில.

## எதுக்கும் முன்னாடி: கையில இருக்கது என்ன அப்பிள்?

இது தெரியாம கீழ ஒண்ணும் வேலை செய்யாது. நம்ம பக்கம் கடைக்கு வர்றது அனேகமா எல்லாமே கப்பல்ல வர்ற பழம், அதுல ஸ்டிக்கர் இருக்கும், கடைக்காரர் பிச்சிருந்தா பெட்டிய காட்டச் சொல்லுங்க. ஸ்டிக்கர்ல நாலு இலக்க நம்பர் இருந்தா 4017 கிரானி ஸ்மித், 4016 ரெட் டெலிஷியஸ், 4131 ஃபூஜி, 4174 ரோயல் காலா. இது பெரிய சைஸ் பழத்துக்கு, சின்ன சைஸுக்கு வேற நம்பர் வரும், அதனால பேரையும் சேத்து வாசிங்க. அஞ்சு இலக்கமா இருந்து 9-ல ஆரம்பிச்சா அது இயற்கை உரத்துல வளத்ததுன்னு அர்த்தம், விலையும் அதுக்கேத்த மாதிரி இருக்கும்.

ஸ்டிக்கரே இல்லையா, உருவத்த பாருங்க. முழுப் பச்சை, தோல்ல வெள்ள வெள்ளயா புள்ளி, அது கிரானி ஸ்மித். (கிரானின்னா பாட்டி, நெசமாவே ஒரு பாட்டி தான், மரியா ஆன் ஸ்மித்ன்னு, சிட்னி பக்கத்துல 1868 வாக்குல அந்தம்மா தோட்டத்துல தானா மொளச்ச மரமாம்.) கருஞ்சிவப்பு, தோள் அகலம், கீழ ஒடுங்கி அடியில அஞ்சு முட்டு இருந்தா ரெட் டெலிஷியஸ். உருண்டையா கனமா, மஞ்சளுக்கு மேல ரோஸ் கோடு கோடா இருந்தா ஃபூஜி. அதவிட சின்னதா, மஞ்சளுக்கு மேல ஆரஞ்சுச் சிவப்புக் கோடு இருந்தா ரோயல் காலா. கொஞ்சம் நீட்டா நல்ல ரோஸ் நெறமா வர்றது பிங்க் லேடி, நம்ம டவுன்ல எப்பயாவது தான் கண்ணுல படும். முழு மஞ்சள் கோல்டன் டெலிஷியஸ்.

தின்ன: ஃபூஜி, காலா, பிங்க் லேடி. சமைக்க: கிரானி ஸ்மித். ரெண்டுக்கும் ஓரளவுக்கு: கோல்டன் டெலிஷியஸ், பிங்க் லேடி. ரெட் டெலிஷியஸ் பூஜைத் தட்டுக்கு அழகு, புதுசா கெடச்சா தின்னலாம், அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீங்க. இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வர்றவங்க ஒரு தடவ அதுல பை போட்டுப் பாத்துட்டு வாங்க.

## அறிகுறி 1: கடிச்சா தவிடு மாதிரி, சத்தமே வரல

மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி, வாங்கின அன்னைக்கே இப்புடியா, இல்ல வீட்டுல வச்ச பெறகா?

வீட்டுல வச்ச பெறகுன்னா. எங்க வச்சீங்கன்னு பாருங்க. எங்க அத்தை ஒருத்தங்க, திருவிழாவுக்கு வாங்கின பழத்த எலி கடிக்கும்னு பயந்து அடுப்புக்கு மேல இருக்க பரண்ல வச்சுட்டாங்க, வெறகடுப்பு, காலைல அஞ்சு மணிலயிருந்து எரியும். நாலாம் நாள் எடுத்துப் பாத்தா தோல் மட்டும் சிவப்பா சிரிக்குது, உள்ள அரிசி மாவு. அப்பிள் சூட்டுல படுவேகமா பழுக்கும், பழுக்கப் பழுக்க உள்ளுக்குள்ள ஒட்டிப் புடிச்சிருக்க பசை தளந்துரும், அப்பறம் கடிச்சா வெடிச்சு சாறு வராது, துகள் துகளா பிரிஞ்சு வரும். பிரிட்ஜ் இருந்தா கீழ காய்கறி டிராயர்ல, ஓட்டை போட்ட பேக்ல. பிரிட்ஜ் இல்லையா, நுவரெலியா, தலவாக்கலை, ராகலை பக்கம்னா வடக்கு பாத்த செவத்தோரம், தரைக்குக் கொஞ்சம் மேல, காகிதத்துல ஒண்ணொண்ணா சுத்தி அட்டைப் பெட்டியில வைங்க, நம்ம ராத்திரிக் குளிரு தான் பிரிட்ஜ். ஆனா மழ நாள்ல ஈரம் கோத்து பூஞ்சணம் புடிக்கும், ரெண்டு நாளைக்கு ஒருக்கா காகிதம் நனைஞ்சிருக்கான்னு பாக்கணும். ஒண்ணு அழுகினா அத அன்னைக்கே எடுத்துருங்க, பக்கத்துல இருக்கதையும் அது இழுத்துட்டுப் போகும்.

வாங்கின அன்னைக்கேன்னா. அடுத்தது நாட்டையும் மாசத்தையும் பாக்கணும், இத கடையில யாரும் சொல்லித் தர மாட்டாங்க. சீனா, அமெரிக்கா, ஐரோப்பாவுல அறுவடை ஓகஸ்ட்லயிருந்து நவம்பர் வரைக்கும். நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியாவுல பெப்ரவரிலயிருந்து மே வரைக்கும். ஆக, நத்தாருக்கு வாங்குறப்ப சீனா, அமெரிக்கா பழம் புதுசு. நுவரெலியால ஏப்ரல் சீசன் கூட்டம் முடிஞ்சு மே, ஜூன்ல வாங்குறப்ப நியூசிலாந்து, தென்னாபிரிக்கா புதுசு, அந்நேரம் அமெரிக்கா ஸ்டிக்கர் இருந்தா அது காத்துல ஒட்சிசன் அளவ கொறச்சு அடச்ச குளிர் அறையில மாசக்கணக்கா தூங்கிட்டு வந்தது. தூங்கினா கெட்டதுன்னு இல்ல, அந்த அறைக்குள்ள பத்து மாசம் கூட நல்லா இருக்கும். வெளிய எடுத்து, கப்பல்ல வந்து, கொழும்புல எறங்கி, லொறில ஏறி, நம்ம கடை வாசல்ல வெயில்ல நிக்கிற அந்தக் கடைசி வாரம் தான் அதக் கொல்லுது.

செக் பண்ணுற வழி, கடையில நின்னே. கையில எடுத்து கனம் பாருங்க, ஒரே சைஸ்ல ரெண்ட எடுத்தா கனமானது தான் சாறுள்ளது. நடு விரலால சுண்டுங்க, டக்குன்னு கெட்டியா சத்தம் வந்தா நல்லது, தொப்புன்னு மந்தமா வந்தா வைங்க. காம்புப் பக்கம் தோல பெருவிரலால லேசா தள்ளுங்க, சுருக்கம் விழுந்தா பழசு. அப்பறம் சிவப்ப பாக்காதீங்க, சிவப்பு இல்லாத எடத்துல அடிநெறம் என்னன்னு பாருங்க: வெளிர் மஞ்சள்னா சரியான பதம், நல்ல பச்சைன்னா இன்னும் காய், அழுக்கு மஞ்சள்னா காலம் முடிஞ்சுது. கடைக்காரர் மொறைப்பார், பரவால்ல, நானும் மொறைச்சிருக்கேன்.

மாவாப் போனத திரும்ப மொறுமொறுப்பாக்க வழியே இல்ல, ஐஸ் தண்ணில போட்டாலும் வராது. தோல சீவி துருவி ரவை கேசரில போடுங்க, இல்ல கேக் மாவுல சேருங்க, மாவுத்தன்மை அதுல தெரியாது. ஒரு கிலோ வாங்கி அத்தனையும் அன்னைக்கே மாவுன்னா பில்லோட திரும்பக் கொண்டுபோங்க, ஒண்ணு ரெண்டுக்காக போயி சண்ட போடாதீங்க.

## அறிகுறி 2: வெளிய பளபள, வெட்டினா உள்ள நெறம் மாறியிருக்கு

இதுல ஆறு விதம் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் வேற தீர்ப்பு.

ஒரு பக்கம் மட்டும் மெத்துனு பழுப்பா இருந்தா அடிபட்டது. நம்ம ரோட்டுல பஸ்ல தட்டுல வச்ச பேக் எத்தன வளைவு திரும்பி வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்த தின்னுங்க.

தோலுக்கு ஒட்டுனாப்புல சின்னச் சின்னதா தக்க மாதிரி பழுப்புப் புள்ளி இருந்தா, அது மரத்துலயே கல்சியம் பத்தாம வந்தது. ஆபத்தில்ல, கசக்கும், ஆழமா தோல் சீவுனா போயிரும்.

உள்ள கண்ணாடி மாதிரி, தண்ணி ஊறின மாதிரி தெரியுதா? பயப்படாதீங்க. ஃபூஜில அடிக்கடி வரும், அந்த எடம் தான் இனிப்பே கூட, தேடி வாங்குறவங்களே இருக்காங்க. ஒரே நிபந்தன, வச்சு வச்சு தின்னக் கூடாது, நாள் போனா அதே எடம் பழுப்பாகும்.

வெதையச் சுத்தி பெரிய வட்டமா பழுப்பு, மோந்து பாத்தா லேசா சாராய வாடை: பழசு, இல்லாட்டி குளிர் அறையில மூச்சு முட்டின பழம். சமைக்கவும் வேணாம், வாசனை போகாது.

வெதை அறைக்குள்ள சாம்பலா கறுப்பா பஞ்சு மாதிரி இருந்தா பூஞ்சணம். ரெட் டெலிஷியஸ்ல அடிப்பக்கம் சில பழத்துல தொளை தொறந்தே இருக்கும், அது வழியா உள்ள போயிருது. இதுக்கு ஒரே தீர்ப்பு தான், முழுப் பழத்தையும் எறிங்க. "அந்த எடத்த மட்டும் வெட்டிட்டு ஜாமுக்கு போட்டுக்கலாமே"ன்னு கேக்காதவங்களே இல்ல. வேணாம். அப்பிள்ல வர்ற நீலப் பூஞ்சணம் விடுற நஞ்சு சுத்தியிருக்க சதைக்கும் பரவும், கொதிக்க வச்சாலும் முழுசா அழியாது.

ஓட்டையும் கறுப்புத் தூளுமா இருந்தா புழு. அத வெட்டிட்டா மிச்சம் நல்ல பழம் தான்.

எப்ப மேல போகணும்: பெட்டி கணக்குல வாங்கி பாதிக்கு மேல பூஞ்சணம், கடைக்காரர் மாத்தித் தர முடியாதுங்கிறாருன்னா பில்லோட பாவனையாளர் அதிகார சபைக்கு 1977-க்கு அடிங்க. அழுகல மறைச்சு விக்கிறாங்க, கடையே அசிங்கமா இருக்குன்னா அது உங்க ஏரியா பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வேலை.

## அறிகுறி 3: சமைச்சா கரைஞ்சு கூழாயிருது, பையோட அடி நனைஞ்சிருது

என் மொத நத்தார் ஓடர் இப்புடித்தான் போச்சு. நாலு பை கேட்டாங்க, கடையில மிஞ்சின ரெட் டெலிஷியஸ் ரெண்டு கிலோ இருந்துச்சு, சும்மா கெடக்குறதுக்கு இதுலயே போடுவோம்னு போட்டேன். ஓவன்லயிருந்து எடுக்குறப்ப மேல பொன்னெறமா ஜம்முன்னு இருந்துச்சு. கத்திய வச்சு ஒரு துண்டு எடுத்தா, கீழ மா பச்சையா, நடுவுல பழுப்புத் தண்ணி, அப்பிள் எங்கன்னு தேட வேண்டியிருந்துச்சு, மேல் மூடி ஒரு குகை மாதிரி தனியா நிக்குது. நாலும் அதே. வீட்டுல ஒரு வாரம் காலைச் சாப்பாடே அதுதான்.

ரொம்ப மெல்லிசா வெட்டுனீங்களா? கை விரல் தடிப்புல பாதியாவது இருக்கணும். இது செலவில்லாத திருத்தம்.

ப்ரஷர் குக்கர்ல போட்டீங்களா? எந்த அப்பிளும் ஒரு விசிலுக்கே கூழாயிரும். சட்டில மூடாம வேக வைங்க.

பச்சையாவே மாவுக்குள்ள வச்சீங்களா? அப்ப ரெண்டு வேலை பண்ணுங்க. வெட்டின துண்டு மேல கொதிதண்ணி ஊத்தி மூடி ஒரு பத்து நிமிசம் வச்சு நல்லா வடிச்சு ஆற விடுங்க, இந்த மிதமான சூட்டுல துண்டு கொஞ்சம் இறுகிக்கும், அப்பறம் ஓவன்ல ஒடையாது. பெறகு சீனி, கறுவா போட்டு அர மணித்தியாலம் வச்சா சாறு விடும், அந்தச் சாற தனியா வடிச்சு கரண்டியில ஒட்டுற பதத்துக்கு வத்த வச்சு, கோன் ஃப்ளவர் ஒரு தேக்கரண்டி பச்சத் தண்ணில கரைச்சு ஊத்தி, திரும்ப பழத்தோட சேருங்க. அடி நனையிறது பெரும்பாலும் இதோட நிக்கும்.

இது எல்லாம் செஞ்சும் கரையுதா? பழத்த மாத்தணும். கிரானி ஸ்மித் எடுங்க, விலை கொஞ்சம் கூட, புளிப்புக்கு சீனியும் கொஞ்சம் கூடப் போகும். கட்டுப்படியாகலன்னா பாதி கிரானி ஸ்மித் பாதி ஃபூஜி, இதுதான் இப்ப நான் ஓடருக்குப் போடுறது, ருசியும் ஒத்தயா இருக்காது. பச்சையா இருக்கதெல்லாம் கிரானி ஸ்மித் இல்லங்கிறத மறந்துராதீங்க, முத்தாத காலா, கோல்டன் எல்லாம் பச்சையா வரும், வெள்ளப் புள்ளிய பாத்து எடுங்க.

எப்ப விட்டுரணும்: கல்யாண வீடு, ஐம்பது பேருக்கு மேலன்னா மொத தடவயே வீட்டுல முயற்சி பண்ணாதீங்க, பேக்கரிக்கு குடுத்துருங்க, ஓடர் எனக்கே வராட்டியும் பரவால்ல.

## அறிகுறி 4: எவ்வளவு நேரம் வேக வச்சும் துண்டு துண்டாவே நிக்குது

சட்னி, குழந்தைக்கு மசியல் செய்யிறவங்க கேக்குறது. இங்க ஒரு விசயம் இருக்கு, நம்ம ஊரு ஒசரத்துல தண்ணி நூறு டிகிரிக்கு முன்னாடியே கொதிச்சிரும். நுவரெலியா 1,868 மீட்டர், அங்க 94 டிகிரி கிட்டவே கொதி வந்துரும், ஹட்டன், பண்டாரவளைல 96 மாதிரி. கொழும்புல இருக்கவங்க வீடியோல "பத்து நிமிசம்"னு சொன்னா நமக்கு பதினஞ்சாவது வேணும். மொதல்ல இன்னும் கொஞ்சம் பொறுங்க.

பொறுத்தும் ஆகலையா, சீனிய எப்ப போட்டீங்க? மொதல்லயே போட்டுட்டா சீனி துண்ட இறுக்கிப் புடிச்சுக்கும், அப்பறம் ஒரு மணித்தியாலம் கிண்டினாலும் அப்புடியே நிக்கும். மசிய வேணும்னா கொஞ்சம் தண்ணி மட்டும் விட்டு வேக வச்சு, மசிஞ்ச பெறகு சீனி. துண்டு நிக்க வேணும்னா (சட்னில நிக்கணும்) சீனியும் வினாகிரியும் ஆரம்பத்துலயே. ஒரே சாமான், போடுற நேரம் தான் வேற.

அதுவும் சரியா செஞ்சும் நிக்குதுன்னா அது கிரானி ஸ்மித்தோட கொணம், துருவிப் போடுங்க. இல்லாட்டி உள்ளூர் பேரிக்காய அப்பிள்னு நெனச்சு வாங்கியிருப்பீங்க, சிரிக்காதீங்க, சந்தையில கலந்து குவிச்சு வச்சிருக்கப்ப நடந்திருக்கு. நம்ம பக்கத்து பேரிக்காய் கல்லு, அதுக்கு நேரம் ரெண்டு மடங்கு.

## அறிகுறி 5: ஜாம் உறையல, இல்லாட்டி கல்லாயிருது

இதுல தான் நான் அதிகம் பாடுபட்டது, அதனால கொஞ்சம் நீளமா போகும்.

கல்லாயிருச்சுன்னா கேள்வி ஒண்ணு தான்: தெர்மோமீட்டர் பாத்து எறக்குனீங்களா? புத்தகத்துல, வீடியோல எல்லாம் 104, 105 டிகிரி வந்ததும் எறக்குன்னு இருக்கும். அது கடல் மட்டத்துக்காரங்க கணக்கு. நான் நுவரெலியால அக்கா வீட்டுல வச்சு இத பாத்தேன், முள்ளு 99-ல நிக்குது, ஜாம் கரண்டிலயிருந்து தகடு மாதிரி மடிஞ்சு விழுது, மூக்குக்கே தெரியுது பதம் வந்துருச்சுன்னு, ஆனா புத்தகம் 105 சொல்லுதேன்னு கிண்டிக்கிட்டே நின்னேன். 105 வந்துச்சு. ஆறினப்ப கரண்டி உள்ள எறங்கல, போத்தல சுடுதண்ணில வச்சு கத்தியால குத்தித்தான் எடுத்தோம், அக்கா மாமியார் அத டொபி மாதிரி வெட்டி பிள்ளைகளுக்கு குடுத்துட்டாங்க. பிள்ளைங்க சந்தோசமா தான் இருந்துச்சு.

திருத்தம் லேசு. ஜாம் வைக்கிறதுக்கு முன்னாடி வெறும் தண்ணிய நல்லா கொதிக்க வச்சு அதே தெர்மோமீட்டர விட்டுப் பாருங்க. அது என்ன காட்டுதோ அதோட நாலு, அஞ்சு டிகிரி கூட்டுங்க, அது தான் உங்க வீட்டுக் கணக்கு. தண்ணி 94-ல கொதிச்சா ஜாம் 98, 99. தண்ணி 96-னா 100, 101. தெர்மோமீட்டர் கோளாறா இருந்தாலும் இதுல அடிபட்டுப் போயிரும். தெர்மோமீட்டரே இல்லையா, சில்லுன்னு ஒரு தட்டுல ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிசம் கழிச்சு விரலால தள்ளுங்க, மேல ஆடை சுருங்கினா எறக்குங்க. தட்டு குளிர்ந்திருக்கணும், அதுக்குத்தான் நம்ம ஊரு.

உறையலன்னா இப்புடிப் போங்க.

பத்து மணித்தியாலம் ஆச்சா? சூடா இருக்கப்ப எந்த ஜாமும் தண்ணியாத் தான் தெரியும், விடிய வரைக்கும் விட்டுப் பாருங்க.

விடிஞ்சும் தண்ணியா? திரும்ப சட்டில ஊத்தி, ஒரு கிலோ பழத்துக்கு ஒரு முழு தேசிக்காய் சாறு விட்டு, தட்டுப் பரிசோதன சரியா வர்ற வரைக்கும் பெரிய தீயில கொதிக்க விடுங்க. ஃபூஜி, காலால புளிப்பு போதாது, புளிப்பு இல்லன்னா உறையாது, முக்காவாசி கேஸ் இதோட சரி.

அதுவும் சரிவரலன்னா உறைய வைக்கிற பசை போதல. அந்தப் பசை சதைய விட தோல்லயும் வெதை நடுவுலயும் தான் கூட, நாம அதத்தான் மொதல்ல எறியிறோம். அடுத்த தடவ தோல், நடுப்பகுதி எல்லாத்தையும் மெல்லிசுத் துணில முடிஞ்சு சட்டிக்குள்ள போட்டு வேக விட்டு, கடைசில நல்லா பிழிஞ்சு எடுத்துருங்க. நல்லா பழுத்த பழத்துல அந்தப் பசை கொறைஞ்சிரும், அதனால பழம் கனிஞ்சிருச்சு ஜாம் போடுவோம்ங்கிற யோசனையே கொஞ்சம் தப்பு, நாலுல ஒரு பங்காவது பச்சை அப்பிள் சேருங்க. பச்சை அப்பிள் விலைக்கு மனசு வரலையா, செங்காயான கொய்யா ரெண்டு சேருங்க, அதுலயும் பசை நல்லா இருக்கு, லயத்துப் பின்னாடியே கெடைக்கும். பேரிக்காய் மட்டும் போட்டு ஜாம் வைக்கிறவங்க பச்சை அப்பிள் கலக்காம உறையும்னு எதிர்பாக்காதீங்க.

கடைசி வழி, பாக்கெட்டுல வர்ற பெக்டின் பவுடர், அது இதே பசை தான். செலவு தான், ஆனா விக்கிறதுக்கு ஒரே மாதிரி பதம் வேணும்னா வேற வழியில்ல. என் அளவு கிலோ பழத்துக்கு 750 கிராம் சீனி, கொறச்சா உறையிறதும் கஷ்டம், வச்சிருக்கவும் முடியாது. போத்தல கொதிதண்ணில போட்டு எடுத்து, சூட்டோட ஊத்துங்க. மூடி உப்பியிருந்தாலோ மேல பூஞ்சணம் இருந்தாலோ போத்தலோட குப்பைக்கு. பாண்ல தடவுற ஜாமுக்காக வயித்தால போக வேணாம்.

## அறிகுறி 6: வெட்டின பத்து நிமிசத்துல கறுத்துருது

ஸ்கூல் சாப்பாட்டுப் பெட்டிக்காரங்க பிரச்சின. கெட்டுப் போகல, காத்துப் பட்டு நெறம் மாறுது, அவ்வளவு தான். ஒரு கப் தண்ணில அர தேக்கரண்டி உப்பு போட்டு துண்ட பத்து நிமிசம் ஊற வச்சு, நல்ல தண்ணில அலசி, துடைச்சு வைங்க, மத்தியானம் வரைக்கும் நிக்கும். தேசிக்காய் தண்ணியும் வேலை செய்யும், ஆனா பிள்ளைங்க புளிக்குதுன்னு திருப்பிக் கொண்டு வரும். மொட்டக் கத்தி சதைய நசுக்கும், நசுங்கினா இன்னும் சீக்கிரம் கறுக்கும், கத்திய தீட்டிப் பாருங்க. இதெல்லாம் வேணாம்னா முழுப் பழத்தையே வெட்டி, திரும்ப உருண்டையா சேத்து ரப்பர் பேண்ட் போட்டு அனுப்புங்க, நான் அப்புடித்தான்.

## அறிகுறி 7: தோல்ல மெழுகு, சொரண்டினா வெள்ளயா வருது

அப்பிள்லயே தோல்ல ஒரு மெழுகு உண்டு. பெட்டி போடுறதுக்கு முன்னாடி கழுவுறப்ப அது போயிரும், அதுக்குப் பதிலா ஒரு வகைப் பனை இலையில எடுக்குற மெழுகோ, அரக்கோ லேசா பூசுறாங்க, திங்கக்கூடியது தான். இளஞ்சூட்டுத் தண்ணில தேச்சுக் கழுவுனா வெளுத்துக் கழண்டுரும். பூச்சி மருந்து பயம் இருக்கவங்க ஒரு லீட்டர் தண்ணிக்கு ரெண்டு தேக்கரண்டி அப்பச்சோடா போட்டு கால் மணித்தியாலம் ஊற வச்சு அலசுங்க, 2017-ல அமெரிக்கால மசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல செஞ்ச ஆராய்ச்சில தோல் மேல இருந்த மருந்து இதுல நல்லா கழண்டுச்சு, தோலுக்குள்ள எறங்கினது போகாது. அதுக்கும் மனசு ஆறலன்னா தோல சீவிருங்க.

## அறிகுறி 8: அப்பிள் தின்னா வாய் அரிக்குது

ஒதடு, நாக்கு, தொண்டை அரிப்பு, பச்சையா தின்னா மட்டும், வேக வச்சத தின்னா ஒண்ணுமில்லன்னா அது ஒரு ஒவ்வாமை, வேக வச்சே தின்னுங்க, அடுத்த தடவ கிளினிக் போறப்ப டொக்டர்கிட்ட சொல்லி வைங்க. மூச்சு இழுக்குது, முகம் வீங்குதுன்னா தலைப்ப வாசிச்சுக்கிட்டு இருக்காதீங்க, 1990-க்கு அடிச்சு அம்புலன்ஸ் கூப்புடுங்க. சின்னப் பிள்ளைக்கு பச்சை அப்பிள் துண்டு குடுக்குற பழக்கமும் வேணாம், தொண்டைல அடைக்கும், துருவியோ அவிச்சோ குடுங்க.

## அறிகுறி 9: அப்பிள் நல்லா இருக்கு, ஆனா கரட் கசக்குது

இது நம்ம பக்கத்துக்கே உரிய கேஸ். நுவரெலியா கரட்ட தோட்டத்துலயிருந்து அப்புடியே கொண்டு வந்து அப்பிளோட ஒரே டிராயர்ல போட்டு வைக்கிறது, ஒரு வாரம் கழிச்சு கரட் கறி கசக்குது, வெதை சரியில்ல, உரம் சரியில்லன்னு தோட்டக்காரர திட்டுறது. அப்பிள் பழுக்குறப்ப ஒரு வாயு விடும், அது கரட்ட கசக்க வைக்கும், கோவா, கீரைய மஞ்சளாக்கும், வாழைப்பழத்த சீக்கிரமே கறுக்க வைக்கும். அப்பிள தனி பேக்ல கட்டி வேற தட்டுல வைங்க. கசந்த கரட்ட திரும்ப இனிப்பாக்க முடியாது, மாட்டுக்குப் போடுங்க.

(பேரிக்காய் பழுக்கலன்னா மட்டும் இதையே நமக்கு சாதகமா எடுத்துக்கலாம், ஒரு அப்பிளோட சேத்து காகிதப் பையில மூடி வைங்க, நாலஞ்சு நாள்ல காம்புப் பக்கம் அமுங்கும்.)

## அறிகுறி 10: வீட்டு மரம் பூக்குது, காய்க்கல

கேக்குறவங்க நெறய பேர், என்கிட்ட பதில் கொஞ்சம் தான். சாதாரண அப்பிள் மரத்துக்கு 7 டிகிரிக்கு கீழ எண்ணூறு ஆயிரம் மணித்தியாலம் குளிர் வேணும், நம்ம நுவரெலியாலயே தை மாசத்துப் பனிய எண்ணினாலும் அவ்வளவு வராது. கடையில வாங்கின பழத்து வெதைய நட்டு வளத்த மரம்னா வெட்டி வெறகாக்குறதுக்கு முன்னாடி, பக்கத்துல வேற ஜாதி அப்பிள் மரம் ஒண்ணாவது இருக்கான்னு பாருங்க, இல்லன்னா மகரந்தமே சேராது. குளிர் கம்மியா போதுங்கிற அன்னா ஜாதி மாதிரி ஒட்டுக்கன்னு தான் நம்ம பக்கம் யோசிக்கலாம். அதுக்கு மேல 1920-க்கு அடிச்சு விவசாயத் திணைக்களத்துல கேளுங்க, இல்ல உங்க ஏரியா விவசாயப் போதனாசிரியர கூட்டிட்டு வந்து மரத்த காட்டுங்க, ஃபோட்டோ எனக்கு அனுப்பாதீங்க, நான் பழக்கடைக்காரன்.